பேசாத குப்பம்

2006-ல் பொத்தேரி ஹாஸ்டலில் கம்ப்யூட்டர் கேம் என்று யாரிடம் கேட்டாலும் ஆதித்யா அறைக்குத்தான் கை காட்டுவார்கள். அந்த ஆதித்யா நான். கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில் வளர்ந்தவன். எட்டாம் வகுப்பிலேயே வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. என்னோடு படித்த சுதாகர் மௌஸைத் தொட்டதே கல்லூரிக்கு வந்த பிறகுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம் அவன் ஊர். கதைக்குள் ஒரு ஆளாகவே மாறி ஆடும் ரோல் பிளேயிங் கேம் என்றால் என்ன என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மூன்றாம் வருடத்தில் தனி ஆளாக அவனே ஒன்று செய்து கொண்டுவந்து நிற்கிறான்.

அதில் கத்தி கிடையாது, அரக்கன் கிடையாது, லெவல் ஏறுவதும் கிடையாது. வேலை தேடி ஒரு குப்பத்துக்கு வந்தவன் நாம். வலை இழுக்கலாம், ஆட்களோடு பேசலாம், அவ்வளவுதான். வீடுகள் எல்லாம் தீப்பெட்டி அடுக்கியது மாதிரி. நான் சிரித்தேன். வைஷாலி சிரிக்கவில்லை. எங்கள் வகுப்புதான் அவள். எனக்கு அவள்மேல் ஒரு இது. ஒரு ஞாயிறு முழுக்க அந்த கேமோடு உட்கார்ந்துவிட்டு, மறுநாள் கேன்டீனில் அதில் வரும் மீன்காரி கன்னியம்மாவைப் பற்றி, பக்கத்து வீட்டு அக்காவைச் சொல்வதுபோலப் பேசினாள். எட்டு மாதமாக நான் செய்துகொண்டிருந்த கேமில் பதினாலு அரக்கர்கள். ஒருத்தன் பெயராவது அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்றால் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

கல்லூரி விழாவில் மாணவர்கள் செய்த கேம்களைக் காட்சிக்கு வைப்பதாக இருந்தார்கள். எல்லாவற்றையும் ஆடிப்பார்த்துக் கையெழுத்துப் போடும் வேலை என்னுடையது. என் கேமும் அதில் இருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுதாகருடையதை ஆடினேன். இந்த மாதிரி கேம்களில் வீட்டுக்குள் நுழைந்தால் பானை, பெட்டி எல்லாவற்றையும் திறந்து, இருப்பதை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நானும் எடுத்தேன். மூன்றாவது வீட்டில் கருவாடு கிடைத்தது. வெளியே வந்தால் ஒருத்தரும் பேசவில்லை. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வலை இழுக்கவும் சேர்க்கவில்லை. கேம் அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெரிய பிழை, வைக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் சுதாகர் லேபுக்கு வந்தான். கூடவே வைஷாலியும். அவன் கோபப்படவில்லை.

"மச்சான், எவன் வூட்லயாவது எதுனா எடுத்தியா? எங்க குப்பத்துல கேக்காம எடுத்தா ஊரே பேசாது, ஒதுக்கி வச்சிருவாங்கோ. சபையில நின்னு தப்புன்னு சொன்னாத்தான் சேத்துப்பாங்கோ. அது நானா வச்சதுதான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிழையில்லை. இத்தனை வருடம் ஆடியும் எனக்குத் தோன்றாத யோசனை. வைஷாலி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

"இல்ல," என்றேன். "நான் ஒண்ணுமே எடுக்கல."

தனக்கு அப்படி ஆகவில்லையே என்றாள் வைஷாலி. நீ முழுசாக ஆடியதே இந்த ஒரு கேம்தான், நான் நூறு ஆடியவன் என்று அவள் வாயை அடைத்தேன். சுதாகர் தலையைச் சொறிந்துகொண்டே போனான். இரண்டு நாள் வகுப்புப் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் பென் டிரைவோடு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"புரோகிராமை வரி வரியா பாத்துட்டேன் மச்சான், தப்பு எங்க கீதுன்னே தெரியல. அதான் ஒதுக்கி வைக்கிறதையே மொத்தமா தூக்கிட்டேன். நீ இன்னா பொய்யா சொல்லப்போற?"

என் தோளுக்குப் பின்னாலேயே நின்றான். நான் மூன்றாவது வீட்டுக்குள் போய்க் கருவாட்டை எடுத்தேன். வாசலில் அந்த வீட்டுக்காரி கன்னியம்மா நின்றிருந்தாள். பட்டனை அழுத்தினேன்.

"வா நைனா, சாப்ட்டியா?" என்று திரையில் எழுத்து ஓடியது.

இன்னும் நாலு வீட்டில் திருடிப் பார்த்தேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு பேசினார்கள். எதை எடுத்தாலும் யாரும் கேட்காத என் கேமைப் போலவே இப்போது இதுவும் இருந்தது.

"இப்ப சரியா கீதா?" என்றான் சுதாகர்.

சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டேன்.