வாயில் கவ்விய குண்டூசிகள்

அன்று காலையிலிருந்தே தையல்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. நீளம் குறைக்க வேண்டிய பேண்ட் ஏழு கிடக்க, மகளை இழுத்துக்கொண்டு பல் டாக்டரம்மா வாசலில் போய் நின்றாள். இன்று தன் பல் கிளிப்பைக் கழற்றுவார்களா, மாட்டார்களா? நாற்பத்து மூன்று வயதில் இதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு மகளுக்குக் கம்பி மாட்டப் போன இடத்தில், டாக்டரம்மா இவள் வாயையும் எட்டிப் பார்த்தார். ஒரே நாளில் இருவருக்கும் மாட்டியாயிற்று.

"பாப்பாவுக்கு வளர்ற வயசு, சீக்கிரம் முடிஞ்சிடும். உங்களுக்குக் கொஞ்சம் இழுக்கும்" என்றார். யாருக்கு முதலில் கழற்றுகிறார்கள் என்று மகள் உடனே பந்தயம் கட்டினாள்: தோற்றவர் ஒரு வருஷம் பாத்திரம் தேய்க்க வேண்டும்.

பந்தயம் ஒரு சாக்குதான். துருத்திய முன்பற்களை மறைக்க, கடைக்குள் ஆள் நுழைந்தாலே நாலு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொள்வாள் தையல்காரி. வாயில் ஊசி வைத்திருப்பவளிடம் யார் சிரிப்பை எதிர்பார்ப்பார்கள்? இருபது வருஷம் அப்படியே ஓட்டினாள். தெரு அவளுக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி டெய்லர். அந்தப் பெயர் அவளுக்கு வலித்தது.

ஆரம்பத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தே நாலு தடவை கிளிப்பைப் பெயர்த்துக்கொண்டு போனாள். "கம்பி பாதி வேலைதாங்க செய்யும். மீதி உங்க கையில" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். அன்றே ஒரு குட்டிக் கத்தரிக்கோல் அவள் கழுத்தில் தொங்கியது. பல்லை இழுக்கக் கம்பியில் மாட்டும் குட்டி ரப்பர் வளையத்தை ஒருநாள்கூட மாட்டாமல் விட்டதில்லை. மகளின் ரப்பரோ பென்சில் டப்பாவில் சொகுசாகத் தூங்கியது.

எல்லாம் சரி, நேற்று சாயங்காலம் அவசரத்தில் கை மறந்து ஒரு நூலைக் கடித்துவிட்டாள். 'டக்'. வீட்டில் மூச்சு விடவில்லை. இப்போது நாற்காலியில் சாய்ந்து, அந்தப் பல்லை நாக்கால் மறைக்கப் பார்த்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் நின்றார். "இது பிஞ்சிருக்கே?"

"நேத்து ஒரே ஒரு நூலுங்க... இன்னும் ஆறு மாசம் ஆகுமா?"

"அட, பிஞ்சா என்னங்க! இன்னைக்கு எல்லாத்தையுமே எடுக்கப் போறேன். பல்லு அழகா வந்து உக்காந்திருக்கு. ராத்திரி மட்டும் பிளேட் போடணும், இல்லன்னா பழையபடி நகர்ந்துடும்."

"போடுறேங்க, தூங்காமக்கூட போடுறேன்!" அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

மகளுக்கு இன்னும் ஐந்து மாதம் என்றார். "அம்மா, பந்தயத்த மறந்துடேன்" என்று மகள் வழியெல்லாம் குழைந்தாள். மறப்பாளா!

கடையைத் திறந்ததும் ஒருவர் தைக்கக் கொடுத்த பேண்ட்டை வாங்க வந்தார். தையல்காரியின் கை பழக்கத்தில் நாலு குண்டூசியை உதட்டுக்குக் கொண்டுபோனது. பாதியில் நின்றது. நாலையும் ஊசி மெத்தையில் குத்திவிட்டு நிமிர்ந்து சிரித்தாள். முப்பத்திரண்டும் தெரிய என்று சொல்ல முடியாது, நாலை டாக்டரம்மா முதலிலேயே பிடுங்கியிருந்தார். இருபத்தெட்டும் தெரியச் சிரித்தாள்.

வந்தவர் அவளைத் தாண்டிக் கடைக்குள் தேடினார். "டெய்லரம்மா இல்லீங்களா? எப்ப வருவாங்க?"

"வந்துட்டாங்க, உக்காருங்க" என்றாள்.