சோப்பு போட்ட குழாய்

ஷைஜாவின் வீட்டில் சனிக்கிழமை வந்தால் தேய்க்காத பாத்திரம் ஒன்றும் மிஞ்சாது. கரி பிடித்த சட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்குப் போனால் ஆண்டவரே முகம் சுளிப்பார் என்பது அம்மாவின் கட்சி. அந்தப் பழக்கம் மகளையும் விடவில்லை. குலசேகரம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவள் லேப் டெக்னீஷியன். லேப் அலமாரியில் மழை ஒழுகி, ரத்தம் சோதிக்கும் கண்ணாடிக் குழாய்ப் பெட்டி தூசும் ஈரமுமாகக் கிடந்தது. சனிக்கிழமை அத்தனையையும் சோப்பு போட்டுப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்தாள்.

திங்கள் காலை பத்து மணிக்குப் பொன்னுலிங்கத்தைக் கொண்டுவந்தார்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர். லாரியில் ஏற்றிய மரத்தடி உருண்டு வலது தொடையில் விழுந்திருந்தது. ரத்தம் கொட்டிய தொடையை இறுக்கிக் கட்டியதால் உயிர் தங்கியது. ஆனால் அந்தக் கட்டு இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காலுக்குக் கேடு.

சர்ஜன் ஜாஸ்பருக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். இத்தனை ரத்தம் போன பிறகு, மிச்ச ரத்தத்துக்கு உறையும் சக்தி இருக்கிறதா? இல்லாமல் கத்தி வைத்தால் மேசையிலேயே ஆள் போய்விடுவார்.

அதற்குப் படுக்கையருகிலேயே ஒரு பரிசோதனை உண்டு. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சரித்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் அறுக்கலாம்.

இருபது நிமிடம் கழித்து ஷைஜா சரித்தாள். தண்ணீராக ஓடியது.

“உறையல, டாக்டர்.”

ஜாஸ்பர் நாகர்கோவிலுக்குப் போன் போட்டார். ரத்தத்தை உறையவைக்கும் பிளாஸ்மா வர ஒரு மணி நேரமாகும். அதுவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. இருபது நிமிடம் அப்படியே போயிற்று.

கட்டிலருகே பொன்னுலிங்கத்தின் மனைவி சபிதா நின்றிருந்தாள். புருஷன் வெட்டிய பாலில் ஆசிட் விட்டு, உறைந்ததும் ரப்பர் ஷீட் அடிக்கிறவள். மேசையில் ரத்தத்தோடு இருந்த ஒரு தட்டை ஒற்றை விரலால் சாய்த்துப் பார்த்தாள்.

“ஏன் மோளே, இதுல நல்லா கட்டியிருக்கே. ஒனக்க குப்பியில மட்டும் ஏன் கட்டல?”

ஊசியில் மீந்த ரத்தத்தை ஷைஜாதான் அந்தத் தட்டில் விட்டிருந்தாள். இரண்டும் ஒரே ரத்தம். கழுவி வைத்த குழாய்களில் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். எலுமிச்சை வாசம். சோப்பு பட்ட கண்ணாடியில் ரத்தம் உறையாது என்று கல்லூரியில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்து தொலைத்தது.

“டாக்டர், டியூப் செரியில்ல. வேற வச்சுப் பாக்கேன்.”

ஏன் சரியில்லை என்று அவள் சொல்லவில்லை. கேட்கிற நிலையில் அவரும் இல்லை. புதுப் பெட்டியை உடைத்து மறுபடி வைத்தாள். இன்னும் இருபது நிமிடம். இந்தத் தடவை சரித்தபோது ரத்தம் அசையவில்லை. பிளாஸ்மாவுக்குக் காத்திராமல் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

ஆள் பிழைத்தார். மூன்றாம் நாள் வலது காலை முட்டுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். “கொஞ்சம் முன்னால திறந்திருந்தா ஒருவேள கால் நின்னிருக்கும்,” என்றார் ஜாஸ்பர், யாரையும் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை சபிதா ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு லேபுக்கு வந்தாள்.

“நீ வேற குப்பி வச்சுப் பாக்கல்லன்னா அவரு இருந்திருக்க மாட்டாரு. பிள்ளியளும் சொல்லிச்சு, அந்த அக்காவுக்குக் குடுன்னு.”

பழத்தை வாங்க ஷைஜாவுக்குக் கை நீளவில்லை. சபிதா அதை மேசையில் வைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

“அக்கா, மொதல் குப்பிய நான்தான் சோப்பு போட்டுக் களுவினேன். அதுனாலதான் உறையல. நாப்பது நிமிசம் என்னாலதான் போச்சு. டாக்டருக்கும் தெரியாது. இப்ப போய்ச் சொல்லப் போறேன்.”

சபிதா சுவரில் ஓடிய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் ஒருக்க ஆசிட்டக் கூடுதலா விட்டு, ஒரு நாள் பாலு முழுசும் கெடுத்தேன். அவரு ஒண்ணும் சொல்லல,” என்றாள். பிறகு, “அது பாலு, மோளே.”

மேசையில் வைத்த பழச்சீப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனாள்.