அடித்துவிட்ட தேதி

குச்சனூர் பக்கத்து ஓடைப் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையில், எந்த வேலை என்றைக்கு முடியும் என்று கணித்துக் கொடுப்பது பொறியாளர் ஜெபஷீலாவின் பொறுப்பு. அவள் இரண்டு தேதிகள் எழுதினாள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அக்டோபர் பத்து. அஸ்திவாரத்தில் பாறை தட்டினாலோ மழை முந்தினாலோ நவம்பர் கடைசி. எது நடக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. அதனால், இடிக்கும் முன் பக்கத்தில் தண்ணீர் போகக் குழாய் பதித்து அதன்மேல் மாற்றுப்பாதை போட வேண்டும் என்றும் எழுதியிருந்தாள்.

காண்ட்ராக்டர் சுந்தரலிங்கம் இரண்டாவது தேதியைப் பேனாவால் அடித்தார்.

"ரெண்டு தேதி சொன்னா ரெண்டையும் நம்ப மாட்டாக. பத்தாம் தேதின்னே போர்டு வைங்க."

மாற்றுப்பாதை வீண் வேலை என்று அதையும் அடித்தார். அவள் மறுத்துப் பார்த்தாள். இஷ்டமில்லாவிட்டால் சொந்த ஊரான போடிக்கே திரும்பிப் போகலாம் என்றார். பத்தாம் தேதிக்குள் முடியவே முடியாது என்றும் இல்லையே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, போர்டில் அந்தத் தேதிக்குக் கீழே பொறியாளர் என்று தன் பெயரைப் போடச் சம்மதித்தாள்.

பழைய பாலத்தை இடித்து அஸ்திவாரம் தோண்டியபோது, செப்டம்பரில் பாறை தட்டியது. அக்டோபர் தொடக்கத்திலேயே ஓடையில் வெள்ளம் வந்தது. அக்கரையில் பாண்டியம்மாள் என்ற விவசாயியின் வாழை வெட்டுக்குத் தயாராக நின்றது. போர்டை நம்பி வியாபாரியிடம் நாள் சொல்லியிருந்தாள். லாரி வர வழியில்லாமல் தார்கள் மரத்திலேயே பழுத்து வெடிக்கத் தொடங்கின.

பதினைந்தாம் தேதி ஊரே திரண்டு வந்து ஜேசிபி சாவியைப் பிடுங்கிக்கொண்டது. இன்னும் பத்தே நாள் என்று சொல்லி அனுப்பிவிடும்படி சுந்தரலிங்கம் போனில் சொன்னார். ஜெபஷீலா போனை அணைத்தாள்.

"பத்து நாளுன்னு சொல்லச் சொல்றாக. அது பொய். டிசம்பர்கூட ஆகலாம். தேதி தவறலாம்னு எனக்கு முன்னமே தெரியும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாண்டியம்மாள் முன்னால் வந்தாள்.

"தெரிஞ்சுமா பேரப் போட்ட?"

"போட்டேன்."

பாண்டியம்மாள் அவள் காலடியில் காறித் துப்பினாள். முதலில் பாதை, அதுவரை இங்கே ஒரு கல்லும் நகராது என்றாள்.

சுந்தரலிங்கத்துக்கு வேறு வழியில்லை. வெள்ளம் வடிந்ததும் குழாய்கள் வந்திறங்கின. ஜெபஷீலா வெயிலில் நின்று எட்டு நாளில் பாதையை முடித்தாள். அதற்குள் பாதி வாழை போயிருந்தது. மிச்சத்தை ஏற்றிக்கொண்டு முதல் லாரி இக்கரைக்கு வந்த அன்றே, சுந்தரலிங்கம் அவளை வேலையை விட்டு நிறுத்தினார்.

பையோடு பஸ்ஸுக்கு நின்றவளைப் பார்த்ததும் பாண்டியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெபஷீலா எதிர்பார்த்ததுதான். ஆனாலும் போடி போய்ச் சேரும்வரை நெஞ்சு எரிந்துகொண்டே இருந்தது.