பத்து லட்சத்து ஒன்றின் மீதி

ஆவுடைத்தங்கத்தின் கணவர் சங்கரலிங்கம் ஆடி மாதத்திலிருந்து 1000001 என்ற எண்ணாக இருந்தார். வீட்டில் பெரிய மாறுதல் ஏதுமில்லை. மோருக்கு உப்பு கூடுதலாகக் கேட்டார், அவ்வளவுதான்.

எண்ணானவர்கள் வகைப்பாட்டு அலுவலகத்தில் ஆஜராக வேண்டும். பகா எண் என்றால் வீட்டுக்கு விடுவார்கள். பகு எண் என்றால் காரணிகளாகப் பிரித்து, ஆளுக்கொரு மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

எழுத்தர் தேவசகாயம் அவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முன்னால பாத்தாலும் பின்னால பாத்தாலும் ஒண்ணுபோல இருக்காரே.”

“கல்யாணத்தன்னைக்கே அப்பிடித்தான்,” என்றாள் ஆவுடைத்தங்கம். “எது முகம்னு எங்கம்மா கேட்டா.”

அலுவலகத்தின் நீண்ட நடையில் நூற்று அறுபத்தெட்டுக் கதவுகள் இருந்தன. அவற்றுக்கு இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களை மட்டும் இட்டிருந்தார்கள். ஒவ்வொரு கதவும் சங்கரலிங்கத்தை வகுத்து, பிறகு சேர்த்து வெளியே விட்டது. வாசற்படியில் மிஞ்சுவதை மனைவி உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் பார்ப்பதில்லை; காதில் விழுந்ததை எழுதுவார்.

இரண்டில் ஒன்று மிஞ்சியது. ஏழில் இரண்டு. நடை நீண்டுகொண்டே போனது. தொண்ணூற்றேழில் இருபத்தெட்டு.

“வலிக்குதா?”

“மிச்சம் இருக்கிற வரைக்கும் ஒண்ணும் தெரியல,” என்றார் சங்கரலிங்கம்.

நூற்றொன்று என்று எண்ணிட்ட கதவின் படி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அவள் குனிந்து பார்த்தாள். விரலால் தடவினாள். ஒன்றுமில்லை. கதவுக்கு அப்பால் அவர் இன்னும் சேர்க்கப்படாமல் நின்றார்.

“சொல்லும்மா. மதியச் சாப்பாட்டுக்குப் போவணும்.”

“ஒண்ணு,” என்றாள்.

தேவசகாயம் எழுதினார். பேனா நின்றது.

“நூத்தியொண்ணுல ஒண்ணு மிஞ்சுனா, எண் பத்து லட்சத்து ரெண்டால்லா இருக்கணும்? ஒரு ஆளு குறையுதே. வீட்டுல விட்டுட்டு வந்துட்டியளா?”

“இல்ல. நாந்தான் அது.”

எழுத்தர் மறுக்கவில்லை. அவளைக் கூட்டி எழுதினார். எண்ணுக்குள் நுழைவது அவளுக்கு நெரிசலான பேருந்தில் ஏறுவது போலத்தான் இருந்தது. உள்ளே கணவரின் சோப்பு மணத்தது. முப்பத்தோரு ஆண்டுகளில் அவர்களுக்கிடையே இவ்வளவு குறைந்த இடம் இருந்ததில்லை.

“ஏட்டி, நீ ஏன் வந்த?”

“சும்மா இருங்க. வீட்டுக்குப் போயிரலாம்.”

தேவசகாயம் புதிய எண்ணின் கடைசி இலக்கத்தைக் கவனித்தார்.

“அடடா, இரட்டைப்படை ஆயிட்டியளே,” என்றார் வருத்தத்துடன். “வாங்க, முதல் கதவுக்கே போவோம்.”

இரண்டு என்று எண்ணிட்ட அந்தக் கதவு அவர்களை ஒரே மூச்சில் வகுத்தது. இம்முறை சேர்க்கவில்லை. மீதியைச் சொல்ல மனைவி வெளியே இல்லாததால் எழுத்தர் தாமே எழுதிக்கொண்டார்: இல்லை.

வாசலில் இரண்டு வண்டிகள் எதிரெதிர்த் திசையில் நின்றன. ஐந்து லட்சத்து ஒன்று ஒன்றில் ஏறியது. ஐந்து லட்சத்து ஒன்று மற்றொன்றில் ஏறியது. இரண்டும் ஒரே நேரத்தில் சன்னல் வழியே தலையை நீட்டி, ஆவுடைத்தங்கத்தின் ஒரே குரலில் கேட்டன:

“அவுக எந்த வண்டியில இருக்காவ?”