இருபத்தோரு மணி நேரமும் ஒரு தேங்காயும்

என் மூன்று மாத உழைப்பை ஒரு தேங்காய் கெடுத்துவிட்டது. சிரிக்காதீர்கள், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்த வேலை எனக்கு. எங்கள் லேசர் நொடிக்குப் பத்துக் கோடி முறை துடிக்கும். அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் சீப்பின் பற்களைப் போல அதிர்வெண்கள் வரிசையாக நிற்கும். அவற்றை வைத்து மற்ற லேசர்களை அளக்கலாம், பற்கள் நகராமல் இருந்தால். கதவை அறைந்து சாத்தினாலே நகர்ந்துவிடும். உள்ளே ஒரு குட்டிக் கண்ணாடி ஓயாமல் முன்னும் பின்னும் அசைந்து அவற்றைப் பிடித்து வைக்கும். அந்தப் பிடி அறாமல் பார்ப்பதுதான் என் வேலை.

இருபத்துநான்கு மணி நேரம் அறாமல் காட்டினால் ஆய்வகத்துக்கு அங்கீகாரம், எனக்கு நிரந்தர வேலை. இரண்டு முறை அறுந்தது. மூன்றாவது முறை இருபத்தோரு மணி நேரம் தாண்டியது. மறுநாள் என் ஒப்பந்தம் முடிகிறது.

அன்று ஆயுத பூஜை. "லேசர் ரூமுக்குள்ள மட்டும் வராதீங்க பாஸ், வாசல்லயே கும்பிடுங்க" என்று முதலாளி திருச்செல்வத்திடம் காலையிலேயே கெஞ்சியிருந்தேன். நன்றாகத் தலையாட்டினார். நான் கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் லேசர் மேசைக் காலில் சந்தனம், தரையெல்லாம் தேங்காய்த் தண்ணீர். திரையில் நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு அறுந்து கிடந்தது.

"மிஷின்தானம்மா நமக்குச் சோறு போடுது? அதுக்குச் செய்யாம எப்படி?"

"தேங்கா ஒடைக்க வேற எடமே கெடைக்கலையா பாஸ்?"

"அலாமாக், மூணு நிமிஷம்தான்லா அறுந்துச்சு. மறுபடி புடிச்சி ரெண்டு கோட்டையும் ஒட்டிடு. சோதிக்க வர்ற கிறிஸ்டினுக்கு என்ன தெரியப்போவுது?"

அறுந்த இடத்தில் எத்தனை அலை நழுவியது என்று கிறிஸ்டினுக்குத் தெரியாது. எனக்கே தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதச் சொல்கிறார், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு!

"சாமி உங்ககிட்ட பொய் ரிப்போர்ட்டா கேட்டுச்சு?"

அவர் முகம் சிவந்தது. "நாளையோட உன் காண்ட்ராக்ட் முடியுது உஷா. யோசிச்சுக்க."

யோசித்தேன். வீட்டில் என்ன சொல்வது என்ற பயம் இருந்தது. பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அறிக்கையைத் திறந்து எழுதினேன்: '21 மணி 16 நிமிடம். ஆய்வக உரிமையாளர் லேசர் மேசையருகே தேங்காய் உடைத்தார். பிடி அறுந்தது.' கீழே உஷாராணி என்று முழுப்பெயர் போட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிறிஸ்டினுக்கு அனுப்பினேன்.

"நாளைக்கு நீ வரவே வேணாம்" என்று கத்தினார்.

மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"சிரட்டையெல்லாம் நீங்களே கூட்டிடுங்க பாஸ்."