மதிலில் நின்ற சேவல்

என் மனுசனுக்கு இணுவில் கோயில் வீதியில் முருகன் வந்தார் என்று சண்டிலிப்பாய் முழுக்கக் கதை. வந்தது முருகன் இல்லை என்பது அன்றைக்கு அங்கே நின்றவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். பனைக்குக் கீழே நின்று பால் குடித்தாலும் கள்ளு என்று சொல்லுகிற சனம், கள்ளுக்காக நடுங்கினவரைப் பார்த்துச் சாமி என்று கும்பிட்டது. என்னத்தைச் சொல்ல!

அவர் பெயர் மார்க்கண்டு. புகையிலைத் தோட்டம். நல்ல மனுசன். பெண்சாதி என்பதற்காக இதைச் சொல்லவில்லை. என்னிடம் நல்ல பெயர் வாங்குவது லேசில்லை என்று ஊருக்கே தெரியும். சண்டை என்று வந்தால் நான்தான் கத்துவேன். அவர் முற்றத்தில் நின்று, "சரி, சரி, ஞானம், தொண்டை நோகப் போகுது, தண்ணி குடியும்" என்பார். அப்படிப்பட்டவரோடு எவ்வளவு நேரம் கோபமாய் இருக்க முடியும்?

குடித்துவிட்டு ஒழுங்கையில் விழுந்து கிடந்தவர் இல்லை. என்மேல் கை நீட்டியவர் இல்லை. அதனால்தான் அது ஒரு வருத்தம், ஒரு நோய் என்று எனக்கு விளங்க இவ்வளவு காலம் எடுத்தது. குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்பார்கள். இவருக்குப் பேச்சு மாறவில்லை, விடிந்தால் கைதான் நடுங்கியது. கோப்பிச் செம்பை இரண்டு கையாலும் பிடிப்பார். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுத் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பவர் அவர்தான். தவறினால் கிணறு. அந்தத் துலாவில் காலையில் ஏற அவருக்குக் கால் கூசத் தொடங்கியது. கள்ளுத் தவறணைப் பக்கம் ஒருக்காப் போய்வந்தால் அணில் மாதிரி ஏறுவார். பனங்கள்ளு உடம்புக்கு உரம் தருகிறது என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு எங்கள் ஊர்த் தவறணையை வோட்டுப் போட்டு மூடினார்கள். அடுத்த ஊர்த் தவறணைக்கு அவருக்கு நடைதான் கூடியது, குடி குறையவில்லை.

அந்த வருஷம் மாரி முந்திவிட்டது. ஒழுங்கை எல்லாம் வெள்ளம் நின்று அவர் வெளியே போக முடியாமல் கிடந்தபோதுதான் என் கண் திறந்தது. வேர்த்தார், நடுங்கினார், கையில் எறும்பு ஊருது என்று தட்டித் தட்டி விட்டார். காய்ச்சல் என்று மல்லி அவித்துக் கொடுத்தேன். ஒன்றுக்கும் கேட்கவில்லை. வெள்ளம் வடிந்ததும் கூட்டாளி ஒருவன் ஓலைப் பிளாவில் கள்ளுக் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துக் கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. எந்தக் காய்ச்சல் கள்ளுக் குடித்தால் மாறும்? அன்றைக்கு நான் கத்தவில்லை, அழுதேன். நான் அழுததைக் கண்டு அவர் பயந்துபோனார். "இந்தக் கந்தசட்டிக்கு விரதம் பிடிக்கிறன், ஞானம். அதோடை விட்டிடுவன்" என்று சத்தியம் பண்ணினார்.

விரதம் பிடிக்க இணுவில் கோயிலுக்குப் போனோம். கூட வந்தவள் அவருடைய தமக்கை, என் மச்சாள் அருமைநாயகி. பக்தி கூடினவள், பெருமை அதைவிடக் கூட. அவள் புருஷன் கொடிகாமச் சந்தையில் மரக்கறி வியாபாரம். "எங்கடை அவரைப் போலை ஒழுக்கமான மனுசன் ஆர்?" என்று என் காதில் படச் சொல்லாத நாள் இல்லை. அவள் தம்பியின் குடியைப் பற்றி நான் வாய் திறந்தாலோ, "ஆம்பிளையள் களைப்புக்குக் கொஞ்சம் எடுப்பினம்" என்று மூடிவிடுவாள்.

முதல் நாள் அவர் பேசாமல் ஒரு தூணோடு சாய்ந்து இருந்தார். முருகா, கரை சேர்த்துவிட்டாய் என்று எனக்கு வயிறு குளிர்ந்தது. அடுத்த நாள் உச்சிப் பூசை முடிந்து வெளிவீதிக்கு வந்தபோது நடுக்கம் தொடங்கியது. முதலில் விரல், பிறகு தோள், பிறகு முழு உடம்பும். பூசியிருந்த திருநீறு வேர்வையில் வழிந்தது. கண் எங்கோ மேலே போனது.

"சேவல்," என்றார். "மதிலிலை சேவல் நிக்குது."

மதிலில் ஒரு காகம்கூட இல்லை.

"முருகா!" என்று மச்சாள் வீறிட்டாள். "என்ரை தம்பியிலை ஆறுமுகன் வந்திட்டார்!"

அவ்வளவுதான், சனம் கூடிவிட்டது. ஒருத்தி தேங்காய் உடைத்தாள். ஒருவர் தன்னுடைய தொலைந்த பசு எந்தத் திசையில் நிற்கிறது என்று கேட்டார். இன்னொருத்தி மகளின் கலியாணத்தைக் கேட்டாள். இவர் பல் கிடுகிடுக்க, என் சீலைத் தலைப்பைத் தேடிப் பிடித்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "ஞானம், பயமாய்க் கிடக்கு."

சாமிக்குப் பயம் வருமா? என் மனுசனுக்குத்தான் வரும்.

மச்சாள் கற்பூரத் தட்டோடு முன்னால் வந்தாள். "சுவாமி, என்ன வேணும்? பாலோ, பழமோ? சொல்லுங்கோ."

அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "கள்ளு," என்றார்.

இனி எல்லாருக்கும் விளங்கிவிடும் என்று நினைத்தேன். எங்கள் சனத்தின் கெட்டித்தனம் எனக்குத் தெரியவில்லை.

"முருகன் கள்ளுக் கேக்கமாட்டார்," என்றாள் மச்சாள், கொஞ்சம் யோசித்து. "அப்ப உது முனி! பனையடி முனி! குடுத்தால்தான் இறங்கும். ஆராவது ஓடிப்போய் ஒரு பிளா கொண்டு வாங்கோ!"

ஒருவர் சால்வையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓடவே வெளிக்கிட்டுவிட்டார்.

எனக்கும் ஆசை வந்தது. ஒரு பிளா போதும், நடுக்கம் நிற்கும், மனுசன் எழும்பி நடப்பார், மானமும் போகாது. ஆனால் நாளைக்கு விடிந்தால் உடம்பு திரும்பக் கேட்கும். முனிக்குப் படைக்கிறோம் என்று ஊரே கொண்டுவந்து கொடுக்கும். சாமியாடி என்று பேர் வைத்தே இவரை எனக்கு இல்லாமல் பண்ணிவிடுவார்கள். கொடுக்காமல் இப்படியே விட்டால், இந்த நடுக்கத்தில் உயிர் போய்விடும் போல இருந்தது.

"நில்லுங்கோ!" என்று கத்தினேன். என் தொண்டை அன்றைக்குத்தான் பிரயோசனப்பட்டது. "உது சாமியுமில்லை, முனியுமில்லை. என்ரை மனுசனுக்குக் குடி வருத்தம். நெடுகக் குடிச்ச உடம்பு, குடியாததாலை நடுங்குது. கள்ளு வேண்டாம். ஆரும் வண்டில் வச்சிருந்தாக் கட்டுங்கோ, ஆசுப்பத்திரிக்குப் போகவேணும்."

"எடியே, கோயில் வாசலிலை குடும்ப மானத்தை ஏலம் போடுறியே!" என்றாள் மச்சாள்.

"மனுசன் இல்லாமல் மானத்தை மட்டும் வச்சு, அதை நான் உலையிலை போடுறதோ?"

வண்டில் கட்டியவர் பசுவைத் தொலைத்தவர்தான். வழி முழுக்க இவர் தலை என் மடியில் கிடந்தது. மச்சாள் வரவில்லை.

ஆசுப்பத்திரியில் டொக்டர் நாடி பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பிறகு அவரிடமே கேட்டார்: "காலமை எழும்பின உடனை குடிக்கவேணும் போலை இருக்குமோ?"

அவர் என்னைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்கோ என்று தலை அசைத்தேன். அது அவர் வாயால் வரவேண்டியது.

"ஓம் ஐயா," என்றார். கண் கலங்கிவிட்டது. "குடியாட்டிக் கை நிக்காது. விடவேணும் எண்டு எத்தினை தரம் நினைச்சன். ஏலாமல் கிடக்கு."

"உதுதான் வருத்தம். இதிலை வெக்கப்பட ஒண்டுமில்லை. ஆனா இவ்வளவு பழகின உடம்பிலை நீங்களாய்ச் சடுதியாய் நிப்பாட்டினால் ஆளையே கொல்லும். மருந்தோடைதான் நிப்பாட்டவேணும். நல்ல நேரத்திலை கொண்டந்தியள், அம்மா."

வார்ட்டில் வைத்துக்கொண்டார்கள். நாற்றம் பிடித்த ஒரு மருந்து கொடுத்தார்கள். "கள்ளு இதைவிட நல்லம்" என்று அவர் முனகினார். கையைப் பிடித்தபடியே முறைத்தேன். அந்த நிலைமையிலும் சிரித்தார். மெல்ல மெல்ல நித்திரை வந்தது. மதிலை விட்டுச் சேவல் போனது. கடைசியாகப் பசி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். சில நாள் முகம் கறுத்து, ஒருவரோடும் கதையாமல் மாட்டுக் கொட்டிலுக்குள் போய் இருப்பார். அடுத்த ஊர்த் தவறணை இருக்கிற தெருவை விட்டுச் சுற்றிப் போவார். உடம்பு கள்ளுக் கேட்பது தாங்காத நாளில் அவரே வந்து, "ஞானம், இண்டைக்கு என்னை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போம்" என்பார். அப்போது நான் வாயைப் பொத்திக்கொண்டு சீலை மாற்றுவேன். என் வாயைப் பொத்துவது அவர் கள்ளை விட்டதைவிடப் பெரிய காரியம்.

தை பிறந்தபிறகு ஒரு காலை. அவர் துலாவில் ஏறி நடந்துகொண்டிருந்தார். நான் கோப்பியோடு கிணற்றடிக்குப் போனேன். படலையைத் திறந்துகொண்டு மச்சாள் வந்தாள். கோயில் வாசலில் நின்ற நாளுக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டு மண்ணை மிதிக்கவில்லை.

"அக்கா, வாங்கோ, கோப்பி குடியுங்கோ," என்று அவர் இறங்கி வந்தார். என் கையிலிருந்த செம்பை வாங்கினார், ஒரு கையால்.

மச்சாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி," என்றாள். "உன்ரை அத்தானுக்கும் இப்ப காலமையிலை சாமி வருதடா."

எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் அவள் தோளைத்தான் பிடித்துக்கொண்டேன். அவர் செம்பை என்னிடம் தந்துவிட்டுக் கொடியில் கிடந்த சால்வையை எடுத்தார்.

"சேவல் தெரியுதாமோ, அக்கா?"

"இன்னும் இல்லை."

"அப்ப நேரம் கிடக்கு," என்றார். "வாங்கோ, போவம்."