முடிவு தெரிந்தவர்

நஃபீசா பொத்தானை அழுத்தினாள். திரை மாறவில்லை. இன்னும் இரண்டு முறை அழுத்தினாள். முடிந்தது என்று ஆங்கிலத்தில் வெள்ளை எழுத்து நின்றது, அவ்வளவுதான்.

"என்னாங்க இது? அவரு எங்கே?"

அவர் என்றது நீலச் சட்டை போட்ட, கட்டைவிரல் உயர வீரன் ஒருவனை. துபாயிலிருந்து வந்த அவள் கணவன் சிக்கந்தர் பாட்சா, கலர் டிவியோடு அதில் இணைத்து ஆடும் வீடியோ கேம் ஒன்றும் கொண்டுவந்திருந்தான். நான்கு பேர் ஊர் ஊராகப் போய், பூதங்களை வெட்டி, நாட்டைச் சூழ்ந்த இருட்டை விரட்டுகிற கதை. நான்கு பேருக்கும் ஆடுகிறவரே பெயர் வைக்கலாம். வைத்தியக்காரிக்கு அவள் தன் பெயரை வைத்தாள். வீரனுக்கு அவன் பெயர். கல்யாணமாகி நாலு வருஷத்தில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத பெயர். அதை ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தியபோது அவளுக்கு முகம் சூடானது.

"எனுக்கு வேணாம் புள்ள. வேற பேரு வெய்யி" என்று அன்றைக்கு அவன் சொன்னான். வெட்கப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அது 1989. திண்டிவனத்தில் அவர்கள் தெருவிலேயே இப்படியொரு பொருள் கிடையாது. ஆறு வாரமாக மதியச் சாப்பாடு ஆனதும் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். நிறுத்தும்போது திரையில் நீளமாக ஓர் எழுத்து வரிசை வரும். அதை நோட்டில் எழுதி வைத்து மறுநாள் அப்படியே அடித்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். நஃபீசா பி.ஏ. படித்தவள். ஆங்கிலத்தில் வருவதையெல்லாம் படித்து அவனுக்குச் சொல்வாள். தன் உயிர் கால்வாசியாகக் குறைந்திருந்தாலும் மருந்தை வீரனுக்கே கொடுப்பாள்.

"ஏய், நீ செத்துடுவே!"

"நீங்க இருந்தா போதும்."

இன்றைக்கு இருட்டை விரட்டியாயிற்று. அது திரும்பி வராமல் ஒரு கதவை உள்ளேயிருந்து யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், காலம் முழுக்க. யார் என்று ஆட்டம் கேட்கவே இல்லை. வீரன் தானாக உள்ளே நடந்தான். கதவு மூடியது. மற்ற மூவரும் ஊர் திரும்பினார்கள். விருந்து நடந்தது. வைத்தியக்காரி கடற்கரையில் தனியாக நின்றாள்.

"எவன் எழுதினான் இதை? எத்தினி குகை, எத்தினி மருந்து! அவளை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? நானும் உள்ள வர்றேன்னு சொல்ல ஒரு பட்டன்கூட வெக்கலியே பாவி!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். சிக்கந்தர் திரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் கொஞ்சமும் ஆச்சரியம் இல்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"துபாய் ரூம்ல பசங்களோட ஆடினதுதான்" என்றான் மெல்ல. "முடிவைப் பாத்துட்டு நாசரு ரெண்டு நாளு சோறு துன்னல."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஆடுவியா? சிரிச்சிக்கினு இருந்தே. எதுக்கு பேஜாருன்னு வுட்டுட்டேன்."

நஃபீசா அவனையே பார்த்தாள்.

"வேற என்னா தெரியும் உங்களுக்கு?"

அவன் குனிந்து ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான்.

இனிமேல் துபாய்க்குப் போவதில்லை என்று சொல்லித்தான் வந்திருந்தான். விழுப்புரத்தில் அவள் அத்தா இப்ராஹிம் ஷா, மருமகன் வீடியோ கேசட் வாடகைக்கு விடுவதற்காக ஒரு கடை பிடித்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பாத்திஹா ஓதித் திறப்பதாக ஏற்பாடு.

"ஒயரை வுடுங்க. டிக்கெட்டு எடுத்தாச்சா?"

"பதினெட்டாந்தேதி."

"எத்தினி வருஷம்?"

"மூணு. வர்றதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டேன். போட்டாதான் லீவுன்னுட்டான் கம்பெனில."

"சிக்கந்தர்!"

அவள் போட்ட சத்தத்தில் அவன் கையிலிருந்த ஒயர் நழுவியது. அடுப்படியிலிருந்து மாமியார் ஆசியா பீவி குரல் கொடுத்தாள்.

"என்னா புள்ள சத்தம்? டிவில யாராச்சும் பூட்டாங்களா?"

"உங்க புள்ளதான் மாமி!"

சிக்கந்தர் கதவைச் சாத்தப் போனான். அவள் விடவில்லை.

"எப்ப சொல்றதா இருந்தீங்க? ஏரோப்ளேன் ஏறிட்டா?"

"நீ அழுவியேன்னு..."

"அழுதா அழுவறேன்! அதையும் நீங்களே முடிவு பண்ணுவீங்களா? அத்தா தெனம் சுண்ணாம்புல நின்னுகினு இருக்காரு, அதைப் பாத்துக்கினு பிரியாணி துன்னுட்டு வந்தீங்களே. சட்டையை மாத்துங்க. விழுப்புரம் போறோம். நீங்களே உங்க வாயால சொல்லுங்க."

பேருந்தில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கூட்டேரிப்பட்டில் அவன் வறுத்த மல்லாட்டை வாங்கி நீட்டினான். அவள் தொடவில்லை. கடலைப் பொட்டலம் விழுப்புரம் வரைக்கும் அவன் மடியில் இருந்தது.

"வாங்க மாப்ளே! ஃபேனு எங்க மாட்டலாம், சொல்லுங்க" என்று இப்ராஹிம் ஷா கடையிலிருந்து வெளியே வந்தார். தாடியில் சுண்ணாம்புத் துளி.

சிக்கந்தர் நஃபீசாவைப் பார்த்தான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தலையைக் குனிந்து, டிக்கெட், கையெழுத்து, மூன்று வருஷம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

பெரியவர் சுண்ணாம்பு டின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஊரெல்லாம் சொல்லிட்டேனே மாப்ளே. இனிமே பூட்டி, சாவியை ஓனர் கையில குடுக்க வேண்டியதுதான்."

"எதுக்குப் பூட்டணும்? வெள்ளிக்கிழமை தொறக்கலாம் அத்தா. நான் ஒக்கார்றேன்" என்றாள் நஃபீசா. வழியெல்லாம் அவள் பேசாமல் வந்தது இதற்குத்தான்.

"நீயா? பொம்பளைப் புள்ள, கேசட் கடையிலயா?"

"கேசட்டை எடுத்துக் குடுத்து நோட்டுல பேரு எழுத மீசை வேணுமா?"

வெள்ளையடிக்கிறவர் ஏணியில் நின்றபடி சிரித்துவிட்டார். இப்ராஹிம் ஷா மருமகனைப் பார்த்தார். "என்னா மாப்ளே, நீங்க என்னா சொல்றீங்க?"

"அவரைக் கேக்காதீங்க அத்தா. அவரு என்னைக் கேட்டாரா?"

சிக்கந்தர் அவள் பக்கம் திரும்பினான்.

"மூணு வருஷம் கழிச்சி நான் வந்தா?"

"வந்து பாருங்க. ஆளு தேவைன்னா சொல்றேன்."

அவள் சிரிக்கவில்லை. கடைக்குள்ளே ஏறி, ஈரச் சுவரைத் தொடாமல், அலமாரிக்கு எத்தனை முழம் வேண்டும் என்று கையால் அளக்க ஆரம்பித்தாள்.